குழந்தைகளுக்கான கல்விச் சேனல்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

யூடியூபில் ஒருவர் தம் சேனலைக் கல்விச் சேனல் என்று அறிவித்துக்கொள்ள யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. பள்ளிப் பாடநூல் ஒன்று மாணவர் கைக்கு வருமுன் பாட வல்லுநர், மேலாய்வாளர், பாடத்திட்டக் குழு எனப் பலருடைய பார்வையைக் கடந்து வருகிறது. அதன் பிறகும் அதில் பிழைகள் தங்கிவிடுவதுண்டு. ஆனாலும் யாரைக் கேட்பது என்பது நமக்குத் தெரியும். காணொளிக்கு அத்தகைய வாசல் எதுவும் இல்லாததால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வந்து நிற்கிறது. ‘குழந்தைகளுக்கானது’ என்ற குறி, சந்தாதாரர்களின் எண்ணிக்கை, பிள்ளை அசையாமல் உட்கார்ந்து பார்ப்பது, விளக்கம் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவது ஆகியவைதாம் அவர்கள் வழக்கமாக நம்பும் அடையாளங்கள். இவற்றுள் ஒன்றுகூட, திரையை அணைத்த பிறகு அந்தப் பிள்ளையிடம் என்ன மிஞ்சியது என்பதைச் சொல்வதில்லை. ஒரு சேனல் கல்விக்கு உகந்ததா என்பதை அந்த மிச்சத்தைக் கொண்டுதான் தீர்மானிக்க முடியும் என்பதே என் வாதம். மற்ற அடையாளங்கள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

‘குழந்தைகளுக்கானது’ என்ற குறி பிறந்தது தரக் கட்டுப்பாட்டிலிருந்து அன்று, வழக்கொன்றிலிருந்து. 13 வயதுக்குட்பட்டோரின் தகவல்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதை மீறிக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் தொடுத்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதன் விளைவாக 2020 ஜனவரி முதல், தம் காணொளி குழந்தைகளுக்கானதா இல்லையா என்பதைத் தயாரிப்பவரே அறிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது. அப்படி அறிவிக்கப்பட்ட காணொளியில் பார்ப்பவரின் பழக்கங்களைக் கொண்டு விளம்பரம் காட்டப்படுவதில்லை. கருத்துரைப் பகுதியும் மூடப்படுகிறது. ஆகவே அந்தக் குறி தரவுகளைப் பற்றியது. உள்ளடக்கம் சரியானதா, பிள்ளையின் வயதுக்கு ஏற்றதா, பயனுள்ளதா என்பவை பற்றி அது எதையும் உறுதி செய்வதில்லை.

இந்த ஏற்பாட்டின் பக்க விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. கருத்துரைகள் மூடப்பட்டதால், ‘இந்தக் கணக்கின் மூன்றாவது படி தவறு’ என்று ஓர் ஆசிரியர் எழுதி மற்றவர்கள் படிக்கும் வாய்ப்பு, குழந்தைகளுக்கான காணொளிகளில் இல்லாமல் போயிற்று. 2021 நவம்பரில் விருப்பமின்மைக் குறிகளின் (டிஸ்லைக்) எண்ணிக்கையையும் யூடியூப் பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது. குழந்தைகளைக் காக்கவும் கூட்டமாகத் தாக்குவதைத் தடுக்கவும் எடுக்கப்பட்ட இந்த முடிவுகளை நான் குறை கூறவில்லை. ஆனால் வெளியாரின் தீர்ப்பைக் காட்டும் இரண்டு வழிகளும் அடைபட்டபின், திரையில் எஞ்சியிருப்பவை பார்வைகள், விருப்பக் குறிகள், சந்தாதாரர்கள் ஆகியவற்றின் எண்ணிக்கைகளே. பார்க்கப்பட்டது, பிடித்திருந்தது என்பவற்றுக்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் 2015லும் இந்தியாவில் 2016லும் அறிமுகமான ‘யூடியூப் கிட்ஸ்’ செயலி இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அதன் வடிகட்டல் பெரும்பாலும் தானியங்கி முறையில் நடைபெறுகிறது. அந்த முறையின் ஓட்டை 2017ஆம் ஆண்டில் உலகமறிய வெளிப்பட்டது: குழந்தைகளுக்குப் பழக்கமான கார்ட்டூன் பாத்திரங்களின் உருவில் வன்முறையும் அருவருப்பும் கலந்த போலிக் காணொளிகள், தலைப்பில் கற்றல் சார்ந்த சொற்களைத் தாங்கியபடி வடிகட்டியைக் கடந்து வந்திருந்தன. அதன் பின் கட்டுப்பாடுகள் கூடியிருக்கின்றன. பெற்றோர் தேர்ந்தெடுத்த சேனல்களும் காணொளிகளும் மட்டுமே பிள்ளைக்குத் தெரியும்படி செய்யும் வசதியும் வந்திருக்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த வசதி ஒன்றே நம்பத்தக்கது என்று நான் கருதுகிறேன். ஏனைய அமைப்புகளெல்லாம் இயந்திரத்தின் கணிப்பை நம்பியிருப்பவை.

நம் வீடுகளில் இதற்கு முந்தைய தடை ஒன்றும் உள்ளது. பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் தந்தையின் அல்லது தாயின் கைப்பேசி. அதில் திறந்திருப்பது பெரியவரின் கணக்கு. முதல் நாள் இரவு அப்பா பார்த்த அரசியல் விவாதமும் பிள்ளை பார்க்கும் வாய்ப்பாட்டுப் பாடலும் ஒரே பரிந்துரைப் பட்டியலில் கலக்கின்றன. சேனலை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும், பிள்ளைக்கென்று தனிக் கணக்கோ செயலியோ இல்லாதவரை அந்தத் தேர்வு முதல் காணொளியோடு முடிந்துவிடும். அடுத்ததைத் தேர்ந்தெடுப்பது பரிந்துரை நிரல்தான்.

‘கல்வி’ என்ற வகைப்பாட்டுக்குள்ளேயே வரும் பிழையான அறிவியல் இன்னும் நுட்பமான ஆபத்து. எகிப்தியப் பிரமிடுகள் மின்சாரம் தயாரித்தன என்பது போன்ற பொய்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு தயாரித்து அறிவியல் பாடமாக வெளியிடும் 50க்கும் மேற்பட்ட சேனல்களை, 20க்கும் மேற்பட்ட மொழிகளில், பிபிசி 2023இல் ஆராய்ந்து வெளியிட்டது. உண்மையான அறிவியல் காணொளிகளைப் பார்க்கும் பிள்ளைகளின் கணக்குகளுக்கும் அவை பரிந்துரைக்கப்பட்டன. ஆபாசமும் வன்முறையும் இல்லாததால் இத்தகைய காணொளியை எந்தப் பாதுகாப்பு வடிகட்டியும் தடுக்காது. அருகில் அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும், பிள்ளை நல்லதைத்தான் பார்க்கிறது என்ற நிம்மதியே ஏற்படும்.

பிள்ளை கண்கொட்டாமல் பார்ப்பதைக் கற்றலின் அறிகுறியாகக் கொள்ளும் வழக்கத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ நிகழ்ச்சிதான் குழந்தைகளின் கவனத்தை முறையாக அளந்து பார்த்த முன்னோடி. அதன் ஆய்வுப் பிரிவை நடத்திய எட்வர்ட் பால்மர், தொலைக்காட்சிக்கு அருகில் இன்னொரு திரையை வைத்து, அதில் ஏழரை வினாடிக்கு ஒரு முறை மாறும் படங்களைக் காட்டினார். குழந்தையின் கண் நிகழ்ச்சியில் இருக்கிறதா, பக்கத்துத் திரைக்குத் தாவுகிறதா என்று குறித்துக்கொண்டு, கவனம் சிதறிய பகுதிகள் திருத்தப்பட்டன. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மூன்பக் நிறுவனம், ‘கோகோமெலன்’ உள்ளிட்ட தன் நிகழ்ச்சிகளுக்கு இதே போன்ற சோதனையை நடத்துவதாக நியூயார்க் டைம்ஸ் 2022இல் எழுதியது. குழந்தை பார்க்கும் திரைக்குச் சில அடி தள்ளி, அன்றாட வீட்டுக் காட்சிகள் ஓடும் சிறு திரை ஒன்று வைக்கப்படுகிறது. குழந்தை அதன் பக்கம் திரும்பும் கணங்கள் குறிக்கப்படுகின்றன.

அளக்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் செசமி ஸ்ட்ரீட்டில் கவனம் முதற்படியாக மட்டுமே இருந்தது. எழுத்து, எண், வகைப்படுத்தல் என்று கற்பிக்க வேண்டியவை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கற்றார்களா என்பதை ‘எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்’ என்ற வெளி அமைப்பு சோதித்து, முதல் பருவத்தின் முடிவுகளை 1970இல் வெளியிட்டது. இணையக் காணொளியின் வருமானமோ பார்க்கப்படும் நேரத்தோடு பிணைந்தது. கவனத்தைப் பிடித்து வைத்ததுமே வணிக நோக்கம் நிறைவேறிவிடுவதால், அதற்கு மேல் சோதித்துப் பார்க்கும்படி எந்தச் சந்தையும் ஒரு சேனலைக் கட்டாயப்படுத்துவதில்லை. சில சேனல்கள் மனச்சான்றோடு அதைச் செய்யக்கூடும். அப்படிச் செய்கிறவை எவை என்பதைத்தான் நாம் தேட வேண்டியிருக்கிறது.

தேடும்போது பிள்ளையின் வயதுக்கேற்பக் கேள்வியும் மாறுகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தச் சேனல் நல்லது என்று கேட்பவர்களுக்கு, ஆய்வுகள் தரும் விடை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. பாட்ரிசியா கூல் தலைமையில் 2003இல் வெளியான ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் விளையாடியபோது, அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டனர். அதே ஆட்கள் அதே போலப் பேசியதைக் காணொளியாகப் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்கவில்லை. ஜூடி டிலோச் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு பெற்றோருக்கு இன்னும் நெருக்கமானது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொற்களைக் கற்பிப்பதாக விற்கப்பட்ட காணொளியை நான்கு வாரங்கள் காட்டிப் பார்த்தபோது, பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிடக் கூடுதலாக எதையும் கற்கவில்லை. காணொளியே இல்லாமல் அன்றாடப் பேச்சினூடே பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தாம் மிகுதியாகக் கற்றனர். அந்தக் காணொளியை விரும்பிய பெற்றோர், தம் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொண்டதாக நம்பினர் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். பிள்ளை கற்றதா என்ற தீர்ப்பில் நம் விருப்பம் கலந்துவிடுகிறது என்ற இந்த முடிவை, எந்த வயதுப் பிள்ளையின் பெற்றோரும் மனத்தில் கொள்வது நல்லது.

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்கிறது. உறவினரோடு பேசும் காணொளி அழைப்புக்கு மட்டும் விலக்குத் தருகிறது. இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் வரையறுக்கிறது. அழைப்புக்கு விலக்குத் தரப்பட்டதற்குக் காரணம் உண்டு. மறுமுனையில் இருக்கும் பாட்டி, குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், சுட்டினால் பெயர் சொல்கிறார், அழுதால் பேச்சை மாற்றுகிறார். கேள்வி கேட்டுவிட்டு மூன்று வினாடி காத்திருந்து ‘சரியாகச் சொன்னாய்!’ என்று கூவும் பதிவுசெய்த காணொளி, பிள்ளை விடை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அப்படியேதான் கூவும்.

மூன்று முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான சேனல்களில் வேகத்தையும் கதையின் தன்மையையும் பார்க்க வேண்டும். ஏஞ்சலின் லில்லர்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 2011இல் நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு விரைவான கார்ட்டூனையும் இன்னொரு குழு நிதானமான கல்விக் கார்ட்டூனையும் ஒன்பது நிமிடம் பார்க்க, மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனைகளில், விரைவான கார்ட்டூனைப் பார்த்தவர்களின் தன்னடக்கமும் திட்டமிடலும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. வேகத்தைவிட, நடக்க இயலாத நிகழ்வுகள் அடுத்தடுத்து வருவதே இதற்குக் காரணமாகலாம் என்று 2015இல் லில்லர்ட் குழுவினரின் அடுத்த ஆய்வு காட்டியது. இவை பார்த்த உடனே காணப்படும் விளைவுகள் மட்டுமே. இவற்றைக் கொண்டு நீண்டகாலப் பாதிப்பு என்று அச்சுறுத்துவது நியாயமன்று. ஆயினும் எண்களைக் கற்பிக்கும் ஒரு பாடலில் எண்கள் பறந்து, வெடித்து, விலங்காக மாறி, நான்கு வினாடிக்கொரு முறை காட்சி மாறுகிறதென்றால், பிள்ளையின் மனம் எண்ணில் இருக்கிறதா வெடிப்பில் இருக்கிறதா என்று கேட்பதற்கு இந்த ஆய்வுகள் போதுமான ஆதாரம்.

அதைச் சோதிப்பது எளிது. ஒன்று முதல் இருபது வரை பாடும் பிள்ளையிடம், ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி எடுத்துத் தரச் சொல்லிப் பார்க்கலாம். கை நிறைய அள்ளித் தந்தால், பிள்ளை கற்றது பாடலை மட்டுமே. அதுவும் ஒரு கல்விதான். ஆனால் சேனல் கற்பிப்பதாகச் சொன்னது அதுவன்று. நல்ல சேனலின் பாடல் மெதுவாகச் செல்லும். ஒரே பொருளைப் பல முறை, பல அடுக்கில் எண்ணிக் காட்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதை நிறுத்திச் சொல்லும். தமிழ் எழுத்துகளுக்கும் இது பொருந்தும். ழகரத்தையும் ளகரத்தையும் வேறுபடுத்தி ஒலிக்காத இயந்திரக் குரலோடு ‘அ’ முதல் ‘ன்’ வரை ஓட்டிக் காட்டும் காணொளிகள் ஏராளமாக வந்துவிட்டன. எழுத்து எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தத் திசையில் சுழிக்கப்படுகிறது என்பதைக் காட்டாமல், முழு எழுத்தாகத் தோன்றி மறையும் காணொளி எழுதப் பழகும் பிள்ளைக்கு உதவாது.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளின் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது, விளக்கம் தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதுதான். ‘அந்த சார் நடத்தினால் சட்டென்று புரிகிறது’ என்று பிள்ளை சொல்லும்போது அதை நம்பாமலிருப்பது கடினம். ஷானா கார்ப்பென்டர் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையைச் சரளமாகப் பேசிய காணொளியும், தடுமாறிக் குறிப்பைப் பார்த்துப் படித்த காணொளியும் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டப்பட்டன. சரளமான பேச்சைக் கேட்டவர்கள் தாம் கூடுதலாகக் கற்றுவிட்டதாக மதிப்பிட்டார்கள். தேர்வில் இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றே. பின்னாளில் ‘வெரிடாசியம்’ என்ற அறிவியல் சேனலால் அறியப்பட்ட டெரக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் ஆய்வு இதைவிட ஆழமாகச் செல்கிறது. நியூட்டனின் விதிகளைச் சுருக்கமாகவும் சரியாகவும் விளக்கிய காணொளியை மாணவர்கள் தெளிவானது என்று பாராட்டினார்கள். ஆனால் தம் பழைய தவறான எண்ணத்தையே அந்த விளக்கம் உறுதிப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு, கூடுதல் தன்னம்பிக்கையோடு தவறாக விடை எழுதினார்கள். வழக்கமான தவறான எண்ணத்தை ஒருவர் சொல்ல, மற்றவர் அதைக் கேள்வி கேட்டுத் திருத்தும் காணொளியோ குழப்பமானது என்று சொல்லப்பட்டது. கற்றல் அதில்தான் நிகழ்ந்தது.

ஆகவே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கான அறிவியல் சேனலில் நான் முதலில் தேடுவது, பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடத்தை அது அறிந்திருக்கிறதா என்பதைத்தான். பருவகாலங்கள் பற்றிய காணொளி இதற்கு நல்ல உரைகல். கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் வருகிறது என்று பெரும்பாலான பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் ஜனவரித் தொடக்கத்தில், நம் மார்கழிப் பனியில்தான், பூமி சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. ஜூலையில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. இதைச் சொல்லி, பிள்ளையின் எண்ணத்தை அசைத்து, பிறகு அச்சின் சாய்வுக்கு வரும் சேனல் கற்பிக்கத் தெரிந்தது. நீள்வட்டத்தை மிகையாக நீட்டி வரைந்து, சாய்வை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடக்கும் காணொளி, பிழையான சொல் ஒன்றுகூட இல்லாமலே பிழையைக் கற்பித்துவிடும்.

வரலாற்றுச் சேனல்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் தேவைப்படுகிறது. குமரிக்கண்டம் பற்றிய காணொளிகளில் மூன்று வெவ்வேறு செய்திகள் ஒன்றாக்கப்படுகின்றன. இறையனார் களவியல் உரை போன்ற நூல்கள் சொல்லும் கடல்கோள் ஒன்று. மடகாஸ்கர், இந்திய விலங்குகளின் ஒற்றுமையை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த லெமூரியா என்ற கருதுகோள் இரண்டாவது. அந்தக் கருதுகோளைத் தேவையற்றதாக்கிய, 1960களில் நிலைபெற்ற, கண்டங்களின் நகர்வை விளக்கும் நிலத்தட்டு அறிவியல் மூன்றாவது. மூன்றையும் பிரித்துச் சொல்லும் சேனல் பிள்ளையை மதிக்கிறது. மூழ்கிய கண்டத்தின் வரைபடத்தைப் பின்னணி இசையோடு காட்டி மெய்சிலிர்க்க வைக்கும் சேனல், பெருமிதத்தைத் தந்து அறிவை எடுத்துக்கொள்கிறது. நமக்கு இது தேவையே இல்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி பொது ஆண்டுக்கு முன் 580ஐச் சேர்ந்தது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்ததே, பிள்ளைகளிடம் பெருமையோடு சொல்லத்தக்க செய்தி. எத்தனை ஆழம், எந்தக் காலக்கணிப்பு என்று அதற்கு ஆதாரம் காட்டவும் முடிகிறது.

பாடத்திட்டத்தை ஒட்டிய காணொளிகளுக்கு, 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி ஓர் ஒப்பீட்டு அளவாகப் பயன்படும். அதன் படப்பிடிப்பு எளிமையானது. சில பாடங்கள் சலிப்பூட்டுவதும் உண்டு. ஆனால் யார் நடத்துகிறார், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பவை அதில் வெளிப்படையாக இருக்கின்றன. தனியார் சேனல் ஒன்றில் நடத்துபவரின் பெயரும் படிப்பும்கூட இல்லையென்றால், அதன் வரைகலை எத்தனை அழகாக இருந்தாலும் தயங்குவதற்கு அது போதுமான காரணம்.

வருமான வழியையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ எட்டு வயதுவரை பிள்ளைகளால் விளம்பரத்தின் நோக்கத்தைப் புரிந்துகொள்ள இயலாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இலேயே தெரிவித்தது. பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டி நிறங்களைக் கற்பிப்பதாகச் சொல்லும் காணொளி, அந்த வயதில் கடைத்தெருவாகவே வேலை செய்யும். பெரிய வகுப்புகளில் இது கட்டண வகுப்பின் வடிவில் வருகிறது: கணக்கின் பாதியை நடத்திவிட்டு மீதிக்குச் செயலியை இறக்கச் சொல்வது, தேர்வு நெருங்கும்போது ‘இந்தப் பத்துக் கேள்வி கட்டாயம் வரும்’ என்று அச்சமூட்டுவது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. காணொளிக்குள்ளேயே ஆசிரியரின் வாயால் வரும் விற்பனைப் பேச்சு அத்தகைய தரவுச் சட்டத்தின் எல்லைக்குள் வராது.

ஒரு சேனலைச் சோதிக்க அதன் மிகப் புகழ்பெற்ற காணொளியை மட்டும் பார்ப்பது போதாது. எந்தச் சேனலும் அதில் நன்றாகவே இருக்கும். அண்மையில் வெளியான ஒன்றையும், ஷார்ட்ஸ் எனப்படும் குறுங்காணொளிகள் சிலவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் ஒரு காணொளியை எடுத்து, அதில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது, தெரியாத பாடங்களில் அந்தச் சேனலை நம்பலாமா என்பதைக் கணிக்க உதவும். விவரப் பகுதியில் ஆதாரமோ, முன்பு நேர்ந்த தவறுக்கான திருத்தமோ இருந்தால் அது நல்ல அறிகுறி. பிறகு பிள்ளையோடு உட்கார்ந்து, காணொளியை நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று கேட்கலாம். காணொளி உரைகளின் இடையே சிறு தேர்வுகளைப் புகுத்தினால் மனம் அலைவது குறைகிறது என்று 2013இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்று காட்டியிருக்கிறது. மறுநாள், திரை இல்லாமல், அதையே எனக்குச் சொல்லிக்கொடு என்று பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தேறிய சேனலையும் சில மாதங்களுக்கொரு முறை மறுபடி பார்த்துவர வேண்டும். சேனல்கள் கை மாறுகின்றன. தயாரிப்புக் குழுக்கள் மாறுகின்றன. வாரம் ஒரு பாடம் வெளியிட்டவர்கள், பார்வை குறைந்ததும் நாளொன்றுக்கு நான்கு ஷார்ட்ஸ் வெளியிடத் தொடங்குகிறார்கள். அப்போது பிள்ளையின் பட்டியலிலிருந்து அதை நீக்குவதற்குத் தயங்க வேண்டாம். ஏன் நீக்குகிறோம் என்பதைப் பிள்ளையிடம் விளக்கிச் சொல்லுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால், பழைய காணொளியையும் புதியதையும் அருகருகே காட்டி, என்ன மாறியிருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள்.